கால் எழும்பக் கூடாது

கால் எழும்பக் கூடாது. அவ்வளவுதான் விஷயம். மற்றதெல்லாம் கச்சிதமாக இருந்தது. சூரியகாந்திப் பூங்கொத்து மடியில், மகள் அச்சடித்துத் தந்த வரவேற்பு மட்டை பக்கத்துக் கதிரையில், புதுச் சேட்டு, எண்ணெய் வைத்து வாரிய தலை, சூரிச் விமான நிலையத்து வருகைக் கூடம், நேரம் பகல் பன்னிரண்டு பத்து. கொழும்பிலிருந்து துபாய் வழியாக வருகிற விமானம் ஒரு மணிக்குத்தான் இறங்கும், சம்மந்தி வீட்டார் பெட்டி படுக்கையோடு வெளியே வர ஒன்றரையாகும். குகதாசன் வெள்ளனவே வந்து குந்திவிட்டார். பல் வைத்தியரிடம் போனாலும் அரை மணித்தியாலம் முந்திப் போய்க் கதவடியில் நிற்கிற மனுசன் அவர். காலையில் சவரம் செய்யும்போதே சந்தோசம் தாங்கவில்லை, பாட்டொன்றை முணுமுணுத்து நாடியில் இரண்டு இடம் வெட்டிக்கொண்டார், அதற்கும் சிரித்தார். இருக்காதா பின்னே. ஒரே மகள் ஆரபிக்கு வருகிற சனிக்கிழமை கலியாணம். மாப்பிள்ளை சமோத் தங்கமான பெடியன், அவள் வேலை செய்கிற அதே ஆஸ்பத்திரியில் கை கால் பிடித்து நடக்கப் பழக்குகிறவன், இருபத்தெட்டு வருசம் சமையலறைத் தரையில் நின்று தேய்ந்த குகதாசனின் முழங்காலை இரண்டு மாதம் பாடுபட்டு நிமிர்த்தியவனும் அவன்தான். குருநாகல்காரன். சிங்களப் பெடியன். அதைச் சொல்லும்போது குரலைத் தாழ்த்தக் கூடாது என்று குகதாசன் தீர்மானம் எடுத்திருந்தார், தாழ்த்துவதுமில்லை, ஒருக்கால் தொண்டையை மட்டும் செருமிக்கொள்வார். இன்றைக்கு வருவது அவனுடைய தாயும் தகப்பனும்.

கால் கதை தொடங்கியது மூன்று கிழமைக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை. கைபேசியைத் தண்ணீர்ப் போத்தலில் சாய்த்து வைத்துவிட்டு தகப்பனும் தாயும் மகளுமாக மூன்று பேரும் சோபாவில் நெருக்கியடித்து இருந்தார்கள், குகதாசன் நடுவில், மகளின் தகப்பன் என்ற பெருமை முகமெல்லாம். திரையில் சமோத்தின் தகப்பன் எக்கநாயக்க வந்தார். ஒட்ட வெட்டிய நரைத்த தலை, நிமிர்ந்த முதுகு, கதிரையில் சாயாமல் இருக்கிற இருப்பு. அவர் சொன்னது வெறும் ஹலோ. அந்த ஹலோ காதுக்குப் போய் மூளைக்கு ஏறுவதற்கு முந்தியே குகதாசனின் கால்கள் இரண்டும் எழும்பிவிட்டன. அவர் எழும்பவில்லை, கால்தான் எழும்பியது, இதை எந்தக் கோவிலில் வேண்டுமென்றாலும் சத்தியம் செய்வார். குருநாகலில் இருந்தவர்களுக்குத் தெரிந்தது அவருடைய வயிறும் இடுப்புப் பட்டியும்தான். போதாக்குறைக்கு வாய் தன்பாட்டில் “மாத்தயா” என்றது. ஐயா, துரை, எசமான் எல்லாம் சேர்ந்த அந்தச் சொல் இருபத்தெட்டு வருசம் எங்கே படுத்துக் கிடந்ததோ. மனைவி வதனி காற்சட்டையைப் பிடித்து இழுத்து இருத்தினாள். கால் பிடித்துவிட்டது என்று சொல்லி, நம்ப வைப்பதற்காகக் கொஞ்சம் நொண்டியும் காட்டினார். எல்லோரும் சிரித்தார்கள். ஆரபி சிரிக்கவில்லை. பின்னேரம் பல்கனியில் கறிவேப்பிலைச் சாடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றபோது வந்தாள்.

“அப்பா, ஏன் எழும்பினீங்கள்?”

கால் என்று தொடங்கினார். காலைப் பற்றிச் சொல்ல வேண்டாம், அந்தக் காலை எனக்கும் தெரியும் சமோத்துக்கும் தெரியும் என்று அவள் வெட்டிவிட்டாள். பிறகு சாடியைப் பார்த்துக்கொண்டு சொன்னாள். “உங்களை அப்பிடி நான் ஒருநாளும் பாக்கேல்லை. உங்களுக்கு ஏலாதெண்டால் நாங்கள் நிப்பாட்டுவம். அவனிட்டையும் சொல்லிப்போட்டன்.” சொன்னால் செய்கிறவள். தாயின் பிடிவாதம், தகப்பனின் அவசரம், இரண்டையும் கலந்து கடவுள் செய்த பிள்ளை. ஏலும், ஏன் ஏலாது, பார் நானே தனியப் போய் அவையளைக் கூட்டிக்கொண்டு வாறன் என்று குகதாசன் மார் தட்டியது அப்போதுதான். வாயால் கெட்டதாம் தவளை. இப்போது தவளை வருகைக் கூடத்தில் பூங்கொத்தோடு இருக்கிறது. பிள்ளைகள் இரண்டு பேரும் வேலை முடிந்து நேரே ரயிலில் வருவார்கள், வந்ததும் ஆரபியின் கண் முதலில் தகப்பனின் முகத்தைத்தான் தேடும், அந்த முகத்தில் அந்த ஞாயிற்றுக்கிழமையின் வெளிறல் ஒரு துளி இருந்தாலும் போதும், சனிக்கிழமைக் கலியாணம் அந்தரத்தில் தொங்கும். ஆகவே கால் எழும்பக் கூடாது. எழும்பாமல் இருக்கலாம்தான், ஆனால் வீட்டுக்கு வருகிற சம்மந்தியைக் குந்திக்கொண்டு வரவேற்கிற பழக்கம் உலகத்தில் எங்கே இருக்கிறது, எழும்பத்தானே வேண்டும். எழும்பவும் வேண்டும், எழும்பவும் கூடாது. அவராக எழும்ப வேண்டும், காலாக எழும்பக் கூடாது, ஆனால் பார்க்கிறவனுக்கு அது எப்படி விளங்கும். யோசித்து யோசித்து ஒரு உபாயம் பிடிபட்டது, முன்கூட்டியே எழும்பி நின்றுவிட்டால் எழும்புகிற பிரச்சினையே இல்லை. உடனே எழும்பி நின்றார். ஐந்து நிமிசத்தில் முழங்கால் முறைப்பாடு சொன்னது. இருந்தார். இருந்தபிறகு, இப்படி இருக்கும்போதே அவர்கள் வந்துவிட்டால் என்ற பயம் வந்து திரும்ப எழும்பினார். பக்கத்தில் கைத்தடியோடு இருந்த சுவிஸ் அம்மா, கழிவறை இடது பக்கம் என்று இரக்கத்தோடு கை காட்டினாள்.

நன்றி சொல்லிவிட்டு இருந்தார். சட்டைப் பையைத் தொட்டுப் பார்த்தார், அடையாள அட்டை இருந்தது. இது ஒரு பழக்கம், இதை வதனி வியாதி என்பாள். குப்பை போடக் கீழே இறங்கினாலும் அட்டையோடுதான் போவார், இந்த நாட்டில் இத்தனை வருசத்தில் தெருவில் ஒருவர்கூட அதைக் கேட்டதில்லை. முதலில் அகதி மனுவுக்கு ஒரு அட்டை, பிறகு தற்காலிகமாக இரு என்று ஒன்று, பிறகு வருசத்துக்கு வருசம் புதுப்பிக்க ஒன்று, பிறகு நிரந்தரம், கடைசியில் சிவப்புக் கடவுச்சீட்டும் வெள்ளைச் சிலுவை போட்ட இந்தச் சின்ன அட்டையும். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு குகதாசன், தலைமயிர் குறையக் குறையச் சந்தோசம் கூடிக்கொண்டு போகிற குகதாசன். எல்லாவற்றுக்கும் முந்தியது அலுமாரியில் இருக்கிறது, இலங்கை அட்டை, ஒரு மூலையில் கறுப்பாக ஊறின கறையோடு. அந்த அட்டையில் தமிழனுக்கு இரண்டு மொழி, சிங்களவருக்கு ஒரு மொழி. பெயரைக்கூட வாசிக்கத் தேவையில்லை, எழுத்தை ஒரு பார்வை பார்த்தால் போதும், ஆள் இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று தெரிந்துவிடும். தொண்ணூற்றேழில் கொழும்பு கொட்டாஞ்சேனை லொட்ஜில் ஒன்பதாம் நம்பர் அறையில் ஏழு பெடியள் பாய் விரித்துப் படுத்துக்கொண்டு வெளிநாட்டுப் பயணத்துக்குக் காத்திருந்தபோது, ஞானசீலன் என்ற மட்டக்களப்புப் பெடியன் எல்லோருக்கும் சிங்களம் படிப்பித்தான். மொத்தம் மூன்றே வசனம். ஐடென்டிட்டி தியெனவா மாத்தயா, அட்டை இருக்கிறது ஐயா. சிங்கள தன்னே நே, சிங்களம் தெரியாது. மூன்றாவது, கெதர யனவா, வீட்டுக்குப் போகிறேன். எங்கே போகிறாய் என்று கேட்டால் லொட்ஜுக்கு என்று சொல்லாதே, லொட்ஜ் என்றால் புலி என்பான், கெதர என்று சொல்லு, வீடு இருக்கிறவனில் சந்தேகம் வராது என்றான். ஏழு பேருக்கும் வீடு இருக்கவில்லை. ஒருவனுடையது ஷெல் விழுந்து போனது, ஒருவனுடையதில் ஆமி இருந்தது, குகதாசனுடையது இடியாமல் நின்றாலும் போக வழியில்லாத இடத்தில் இருந்தது. அறைக்குள் ஒருவன் மாத்தயாவாக நிற்க மற்றவர்கள் வரிசையில் வந்து ஒப்புவிப்பார்கள். எங்க போறது. கெதர. எங்க போறது. கெதர. சிரித்துச் சிரித்து வயிறு நோகும். வாழ்க்கையில் இவ்வளவு சிரித்தது அந்த அறையில்தான் என்று நினைக்கும்போது குகதாசனுக்கு இப்போதும் ஆச்சரியமாக இருந்தது. ஞானசீலன் இப்போது கனடாவில், பேரப்பிள்ளை கண்டுவிட்டான்.

கண்ணாடிக் கதவு திறந்து வேறு ஏதோ விமானத்தின் சனம் வெளியே கொட்டியது. முன்வரிசையில் நின்ற பெரிய கூட்டமொன்று மேளத்தைத் தட்டிக் கூச்சல் போட்டது, சிவப்புக் கொடியில் இரண்டு தலைக் கறுப்புக் கழுகு, கொசோவோச் சனம். கொடியைக் கண்டதும் பெஸ்னிக்கின் நினைவு வந்தது, பெஸ்னிக் வந்தால் கோரான் பின்னால் வராமல் இருக்க மாட்டான், அவர்கள் இரண்டு பேரையும் பிரித்து நினைக்க அவருக்குத் தெரியாது. தொண்ணூற்றொன்பது, ஏரிக்கரை உணவகத்துச் சமையலறை, கொசோவோவில் குண்டு விழுந்துகொண்டிருந்த காலம். கோரான் செர்பியன், சட்டி பானை கழுவுவான். பெஸ்னிக் அல்பேனியன், கோப்பை கழுவுகிற மெசினில் நிற்பான். ஒருநாள் வானொலிச் செய்தி கேட்டுவிட்டு இரண்டு பேரும் ஆளையாள் கழுத்தைப் பிடித்துக்கொண்டார்கள், அன்றிலிருந்து தலைமைச் சமையற்காரர் நடுவில் குகதாசனை நிறுத்தினார், கரட் உரிக்க. உலகத்துச் சண்டையின் நடுவே கரட்டோடு நின்றவர் அவர். அவனிடம் சொல்லு கத்தி வேணுமென்று என்பான் ஒருவன், கழுவவில்லை என்று சொல்லு என்பான் மற்றவன், இரண்டடி தூரத்துக்கு ஒரு தபால்காரன். இரண்டு பேரும் வீட்டிலிருந்து ஒரே மாதிரிச் சிவப்பு மிளகாய்ச் சம்பலைப் போத்தலில் கொண்டுவந்து, இது எங்களுடையது, அவங்கள் களவெடுத்தது என்று காதுக்குள் சொல்லுவார்கள். ஒருநாள் குகதாசன் இரண்டிலும் ஒவ்வொரு கரண்டி எடுத்துச் சோற்றில் ஒன்றாகப் பிசைந்து தின்றார். இரண்டு பேருக்கும் கோபம் வந்துவிட்டது. அந்தச் சமையலறையில் அவர்கள் ஒத்துப்போன முதல் விசயம் அதுதான்.

உன் சனத்துக்கும் அந்தச் சனத்துக்கும் என்ன வித்தியாசம் என்று கோரான் ஒருதரம் கேட்டான். குகதாசன் கரட்டை வைத்துவிட்டுச் சொல்லத் தொடங்கினார். அவர்கள் புத்தர், நாங்கள் சைவம், ஆனால் கதிர்காமத்துக்கு இரண்டு பேரும் போவோம். அவர்கள் பாற்சோறு, நாங்கள் பொங்கல், ஆனால் வருசப்பிறப்பு இரண்டு பேருக்கும் ஒரே நாள். மொழி வேறு, ஆனால். ஆனால் ஆனால் என்று அவர் தட்டுத்தடுமாற, கோரான் சிரித்து, அப்படியென்றால் எதற்கு அடிபடுகிறீர்கள் என்றான். அதே கேள்வியை நான் உன்னிடம் கேட்கட்டுமா என்று அந்தப் பக்கம் மெசினடியைப் பார்த்தார். கோரான் திரும்பிச் சட்டியைத் தேய்க்கப் போய்விட்டான். பதில் குகதாசனுக்குத் தெரியாமல் இல்லை, தமிழில் கேட்டிருந்தால் விடியும்வரை சொல்லியிருப்பார், பாற்சோற்றுக்கும் பொங்கலுக்கும் அல்ல, வேறு பெரிய விசயங்களுக்கு, அதெல்லாம் உண்மையும்தான், ஒன்றையும் அவர் மறக்கவுமில்லை விட்டுக்கொடுக்கவுமில்லை. ஆனாலும் அந்தப் பெரிய விசயங்கள் வந்து இறங்குவது எங்கேயென்றால் ஒரு தெருச் சந்தியில், ஒருவன் அட்டையை நீட்ட ஒருவன் வாங்குகிற இடத்தில்தான். அதற்கு மேல் யோசிக்க விடாமல் கைபேசி அடித்தது. வதனி. பத்து நிமிசத்துக்கு ஒரு தரம் அடிப்பாள்.

“இஞ்சாருங்கோ, நான் கிரிபத்து, அந்தப் பாற்சோறும் செய்து போட்டன். எங்கடை பொங்கற் புக்கைதான், சர்க்கரை போடேல்லை, தட்டிலை கொட்டித் தட்டையாக்கி வெட்டினால் அவையின்ரையாம். இதுக்கே இவ்வளவு காலமும் சண்டை பிடிச்சது?”

பதினாலு கறி ஆகிவிட்டது என்றாள், நண்டு மட்டும் மிச்சம் என்றாள், தமிழ்ச் சங்கத்துத் தவராசா அண்ணை கலியாணத்துக்கு வரமாட்டன் என்று குறுஞ்செய்தி அனுப்பியிருக்கிறார் என்று அதே மூச்சில் சொன்னாள். வராவிட்டால் போகட்டும் என்றார் குகதாசன், சொன்னபிறகு நெஞ்சுக்குள் ஒரு முள். தவராசாவின் தம்பியை ஆமி கொண்டுபோனது, போனவன் போனவன்தான், எலும்புகூடக் கிடைக்கவில்லை, அவர் வராததில் பிழை சொல்ல முடியாது. கலியாணம் முடிந்த அடுத்த நாள் பலகாரத்தோடு தானே அவரிடம் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டார். கதவைச் சாத்தினால் வாசலில் வைத்துவிட்டு வருவார். நினைத்ததும் முள் கொஞ்சம் இளகியது. வதனி இன்னும் போகவில்லை. குரலைத் தாழ்த்தி, சம்மந்தி முந்தி என்ன வேலையென்று இப்பவும் பெடியனிட்டைக் கேக்கேல்லையோ என்றாள். இல்லை என்றார். அரசாங்க வேலை, பிறகு சில்லறைக் கடை, அதுதான் சமோத் சொன்னது, அதுக்கு மேல் அவன் சொல்லவில்லை, இவர் கேட்கவில்லை. அரசாங்க வேலையென்றால் தபால் கந்தோராகவும் இருக்கலாம். ஆனால் தபால் கந்தோர்க்காரனுக்கு அந்த முதுகு எப்படி வந்தது. மண்டைக்குத் தெரியாதது காலுக்குத் தெரிந்துவிட்டது, அதுதான் எழும்பியது. சீ, அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய்.

ஒரு மணி. பலகையில் விமானம் இறங்கியது என்று எழுத்து மாறியது, சூரியகாந்திக் கொத்தைக் கை மாற்றிப் பிடித்தார். கொழும்பு ஆமர் வீதிச் சந்தி நினைவுக்கு வரக் கூடாது என்று நினைத்தார், நினைத்ததால் வந்தது. மழை விட்ட நேரம். ஆமிக்காரர் பஸ்ஸை மறித்து இறக்கினார்கள். எங்க போறது, ஐசி எடு என்று அட்டையைக் கேட்டான் ஒருவன், அரைகுறைத் தமிழில். கெதர மாத்தயா என்று பாடமாக்கியபடி சொன்னார், கையில் அட்டையை நீட்டினார். அவன் இரண்டு மொழியையும் பார்த்தான், குகதாசனைப் பார்த்தான், அட்டையைச் சுண்டிப் பக்கத்துச் சாக்கடைக் கானுக்குள் போட்டான். கோபமாகக்கூடப் போடவில்லை, வெற்றிலைத் துப்பல் மாதிரிச் சாதாரணமாக. குகதாசன் முழங்காலில் நின்று கறுத்த தண்ணீருக்குள் தோள்வரை கையை விட்டுத் துழாவி எடுத்தார். பஸ் முழுவதும் பார்த்துக்கொண்டிருந்தது. எடுத்துச் சேட்டில் துடைத்துத் திரும்ப நீட்டினார், அதுதான் இன்றைக்கும் நம்பமுடியாதது, திரும்ப நீட்டினார். ஹரி, யன்ன என்றான் அவன். சரி, போ. அடி இல்லை, உதை இல்லை, தவராசாவின் தம்பிக்கு நடந்ததோடு பார்த்தால் இதெல்லாம் ஒரு கதையே இல்லை, அதனால்தான் யாருக்கும் சொல்லவில்லை, வதனிக்குக்கூட, கறை தேத்தண்ணி ஊற்றுப்பட்டது என்றுதான் சொல்லியிருக்கிறார். அவனுடைய முகம் ஞாபகமில்லை. முகம் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு தொப்பி, கீழே ஒரு மணிக்கூடு, பச்சைத் துணிப் பட்டி. முகம் ஞாபகம் இருந்திருந்தால் நல்லது, ஒரே ஒருவனில் கோபிக்கலாம். முகமில்லாதபடியால் அந்த வயதுச் சிங்களவர் எல்லோருடைய தலையிலும் அந்தத் தொப்பியைக் கொண்டுபோய் வைக்கிறது மனம். எக்கநாயக்கவாக இருக்க முடியாது. இலங்கை முழுக்க எத்தனை ஆயிரம் ஆமி, எத்தனை சந்தி. இருக்க முடியாது. இருந்தால்? இருந்தால் மகளின் மாமனார் அவர், பிறக்கப்போகிற பிள்ளைக்குத் தாத்தா, பாதி இவர் பாதி அவர், ஒரு மூக்கு இங்கேயிருந்து ஒரு காது அங்கேயிருந்து. அந்தப் பிள்ளையின் நினைப்பு வந்ததும் குகதாசனுக்கு வெட்கங்கெட்ட சிரிப்பு வந்துவிட்டது. எந்த மொழியில் அழும் அது. ஆரபியும் சமோத்தும் காதலிப்பதும் ஜெர்மனில், சண்டை பிடிப்பதும் ஜெர்மனில், போன கிழமை கதவைச் சாத்திக்கொண்டு சண்டை பிடித்தபோது கேட்க எவ்வளவு நன்றாக இருந்தது, எந்தச் சந்தியிலும் காவல் நிற்காத ஒரு மொழியில்.

ரயில் பத்து நிமிசம் பிந்துகிறது என்று ஆரபியிடமிருந்து செய்தி. சுவிஸ் ரயிலே பிந்துகிறதென்றால் நாள் நல்ல நாளில்லை, அல்லது மிக நல்ல நாள். குகதாசன் எழும்பி நின்றார். இனி இருப்பதில்லை, முழங்கால் கழன்று விழுந்தாலும் சரி. மட்டையைத் திருப்பிப் பின்பக்கம் மகள் தமிழ் எழுத்தில் எழுதித் தந்த சிங்கள வசனத்தைப் பார்த்தார், சாதரயென் பிளிகன்னவா, மரியாதையோடு வரவேற்கிறோம், ஒரு கிழமை குளியலறையில் பாடமாக்கியது. சாதரயென் பிளிகன்னவா, சாதரயென் பிளிகன்னவா. சட்டியில் இருந்தால்தான் அகப்பையில் வரும் என்பார்கள், சட்டியில் இருக்கட்டும் என்று திரும்பத் திரும்பப் போட்டார். பக்கத்தில் கொசோவோ மேளம், சுவிஸ் அம்மாவின் பேத்தி வந்து கட்டிப்பிடித்து அழுகை, கோப்பி வாசம், கூரையிலிருந்து பகல் வெளிச்சம் கொட்டுகிறது, கதவு திறக்கிறது மூடுகிறது, ஒவ்வொரு திறப்பிலும் பாதி பயம், பாதி பண்டிகை. இடது கால் உறுதியாக நின்றது. வலது கால் உறுதியாக நின்றது. கால்களே, என் மானத்தைக் காத்துத் தாருங்கள் என்று அவர் குனிந்து சப்பாத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தபோதுதான் அவர்கள் வந்துவிட்டார்கள்.

சேலை கட்டி மேலே கம்பளிக் கோட்டுப் போட்ட மெல்லிய பெண், கையில் கயிற்றால் கட்டின பலகாரப் பெட்டி. பக்கத்தில் எக்கநாயக்க, நினைத்ததைவிடக் குட்டை, முதுகு மட்டும் அதே நிமிர்வு. மட்டையைக் கண்டு நேரே வந்து இரண்டடி தள்ளி நின்றார். அவருடைய உதடுகளும் ஏதோ பாடமாக்கிக்கொண்டு வந்தது போல அசைந்துகொண்டிருந்தன, நெற்றி வேர்த்திருந்தது, மகன் சொல்லிக்கொடுத்த தமிழ் வணக்கத்தை ஒரு மாதமாகப் பழகிக்கொண்டு வந்திருக்கிறார் என்பது பிறகுதான் தெரிந்தது. மனுசன் மூச்சை இழுத்து வாயைத் திறந்தார்.

“எங்க போறது? ஐசி எடு.”

அவருடைய மனைவி கண்ணை மூடிக்கொண்டாள். எக்கநாயக்கவின் கை தன் வாயைத் தானே பொத்தியது, ஆனால் சொல் போய்விட்டது. குகதாசனின் கால் அசையவில்லை. சொன்ன சொல் தவறாமல் நின்ற இடத்தில் நின்றது. காலைக் காவல் காத்த மனுசன் கையை மறந்துபோனார். வலது கை தன்பாட்டில் சட்டைப் பைக்குள் போய் அட்டையை எடுத்து நீட்டிவிட்டது, சூரியகாந்தி காலடியில் விழுந்தது, ஒரு கிழமை பாடமாக்கின வரவேற்பு எங்கே போனதோ, வாய் சொன்னது, “ஐடென்டிட்டி தியெனவா, மாத்தயா.”

அப்படியானால் தபால் கந்தோரில்லை. கால் சொன்னது சரி. நீட்டிய கை நீட்டியபடி இருந்தது, எக்கநாயக்க அதை வாங்கவில்லை, பார்க்கக்கூட முடியாமல் தரையைப் பார்த்தார், அவருக்குக் காது சிவந்து கண் நிறைந்துவிட்டது. சந்திக் காவலிலை ரெண்டு வருசம், நான் படிச்ச தமிழ் அவ்வளவுதான் என்று உடைந்த ஆங்கிலத்தில் முணுமுணுத்தார். பிறகு யாரும் எதிர்பாராத ஒன்றைச் செய்தார். கோட்டுக்குள் கையை விட்டு, தன் சட்டைப் பையிலிருந்து தன்னுடைய அடையாள அட்டையை எடுத்து, இரண்டு கையாலும் குகதாசனிடம் நீட்டினார். தலை குனிந்திருந்தது. சந்தியில் மறிக்கப்பட்டவன் நீட்டுகிற மாதிரி, அதே மாதிரி.

குகதாசன் வாங்கினார். ஒரே மொழி, ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியவில்லை. நடுவில் படம், பதினெட்டுப் பத்தொன்பது வயதுப் பெடியன், காது இரண்டும் வெளியே நீட்டிக்கொண்டு, கழுத்து எலும்பு தெரிய, கமராவைப் பார்த்துப் பயந்து விறைத்துப்போய் நின்றான். அந்தப் பயம் அவருக்கு நல்ல பழக்கம். தன்னுடைய கறை பிடித்த அட்டையிலும் இதே முழிதான். இவனும் ஒரு சந்தியில் நின்று, பஸ்ஸிலிருந்து இறங்குகிறவன் எவன் தன்னைக் கொல்லப்போகிறான் என்று பார்த்துக்கொண்டு நின்றிருப்பான். அட்டையை நீட்டிய மணிக்கட்டில் மணிக்கூடு இருந்தது, உருக்குப் பட்டி. இருபத்தெட்டு வருசத்தில் பட்டி மாற்றாதவர் யார். அதை அங்கேயே விட்டார். படத்தைப் பார்த்தார், ஆளைப் பார்த்தார், திரும்பப் படத்தைப் பார்த்தார், சந்தியில் எப்படிப் பார்ப்பார்களோ அப்படி, பிறகு அட்டையைத் துடைத்து, கீழே போடாமல், அவருடைய கையில் வைத்தார்.

“ஹரி. யன்ன.”

எக்கநாயக்க நிமிர்ந்தார். ஒரு கணம் நம்பாமல் பார்த்தார். அப்போது குகதாசனுக்கு உள்ளேயிருந்து, ஒன்பதாம் நம்பர் அறையிலிருந்து, ஏழு பாயிலுமிருந்து ஒரு சிரிப்புக் கிளம்பியது, அடக்கப் பார்த்தார், அடங்கவில்லை. சிரிப்பு மற்றவருக்கும் தொற்றியது, முதலில் இருமலாக, பிறகு முதுகு வளையுமளவுக்கு, அந்த முதுகு வளைந்ததை மனைவி அப்போதுதான் முதன்முதலாகக் கண்டவள் போல வாயில் சேலைத் தலைப்பை வைத்துக்கொண்டு தானும் சிரிக்கத் தொடங்கினாள். இரண்டு கிழவர்கள் ஆளையாள் தோளில் பிடித்துக்கொண்டு விமான நிலையம் அதிரச் சிரித்தார்கள், சிரிப்போடு வேறொன்றும் கண்ணிலிருந்து வந்தது, அதைத் துடைக்க இரண்டு பேருக்கும் கை ஒழியவில்லை. மேளக்காரக் கூட்டம் காரணம் தெரியாமலேயே இவர்களுக்காகவும் இரண்டு தட்டுத் தட்டியது. அந்தச் சத்தத்துக்குள்தான் ஆரபி ஓடி வந்தாள், மூச்சு வாங்க, பின்னால் சமோத். எதிர்பார்த்தபடியே அவள் கண் முதலில் தகப்பனின் முகத்துக்குப் போனது. நெடுநேரம் பார்த்தாள். பிறகு அவருடைய விரலிடுக்கில் இன்னும் பிடித்தபடி இருந்த அட்டையைப் பார்த்தாள்.

“என்னப்பா நடந்தது?”

“ஒண்டுமில்லைப் பிள்ளை,” என்றார் குகதாசன், கண்ணைப் புறங்கையால் துடைத்துக்கொண்டு. “செக்கிங் முடிஞ்சுது.”

இதை ஒருநாள் அவளுக்கு முழுதாகச் சொல்ல வேண்டும், கானிலிருந்து தொடங்கி. சனிக்கிழமை கழியட்டும். எக்கநாயக்க குனிந்து சூரியகாந்திகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கித் தூசு தட்டி அவரிடம் கொடுத்தார், பெட்டி தள்ளுவண்டியைப் பிடித்தார், பிறகு தன்னிடம் இருந்த ஒரேயொரு தமிழ்க் கேள்வியை, இந்தத் தரம் மெதுவாக, உண்மையாகவே தெரிந்துகொள்ள விரும்பிக் கேட்டார். எங்க போறது.

பதினாலு கறியும் நண்டும் தட்டையாக வெட்டின புக்கையும் கறிவேப்பிலைச் சாடியும், பத்து நிமிசத்துக்கு ஒருதரம் அடிக்கிற வதனியும் குகதாசனின் நினைவுக்கு வந்தன. வாய்க்குள் ஞானசீலனின் மூன்றாவது வசனம் தயாராக நின்றது. எத்தனையோ தரம் சொல்லியிருக்கிறார், ஒருதரமாவது அது உண்மையாக இருந்ததில்லை.

“கெதர,” என்றார். “வாங்கோ.”